அறிந்தேன், ஏற்றேன்

குளக்கரை அடுக்ககத்தின் நாற்பத்தாறாம் மாடியில், காலை ஏழு மணியானால், நன்றாகப் படித்த மனிதர்கள் வரிசையில் நின்று ஒரு மைனாவுக்காக உச்சுக் கொட்டுவார்கள். முதலில் நிற்பவர் தாவிக்குள் உட்கார்ந்து நாக்கைத் தட்டி "ச்சு" என்பார். கூண்டிலிருக்கும் மைனா தலையைச் சாய்த்து அவர் முகத்தைப் பார்க்கும். பிறகு அவருடைய குரலிலேயே, அவரது தொண்டைச் சளியின் கரகரப்பையும் விடாமல், "அறிந்தேன், ஏற்றேன்" என்று சொல்லும். கதவு மூடும். ஆள் காந்திபுரம் போய்ச் சேர்ந்துவிடுவார். அடுத்தவர் உட்கார்ந்து "ச்சு" என்பார்.

தாவி என்பது ஒற்றை ஆள் உட்காரும் முட்டை வடிவக் கூடு. சிங்காநல்லூரில், இந்த அடுக்ககத்தில் இருக்கும் காந்தம் அதை உதைத்து அனுப்பும். காந்திபுரத்துக் கட்டடத்தில் இருக்கும் பிடிகாந்தங்கள் அதைக் கைநீட்டி வாங்கிக்கொள்ளும். நடுவே கம்பியும் கிடையாது, கயிறும் கிடையாது. பயணம் நாற்பது நொடிதான். ஆனால் கிளம்புவதற்கு முன் அது வாசிக்கும் எச்சரிக்கை நான்கு நிமிடம்.

அதற்குக் காரணம் தன்பொறுப்புச் சட்டம். ஒரு பொருளால் என்னென்ன கேடு வரலாம் என்று கம்பெனி சொல்லிவிட வேண்டும். கேட்டவர் தம் வாயால் "அறிந்தேன், ஏற்றேன்" என்று சொல்லிவிட வேண்டும். அப்புறம் நடக்கிற எதற்கும் கம்பெனியைக் கைகாட்ட முடியாது. அடுப்பு சொல்லும், வெந்நீர்க் குழாய் சொல்லும், பல் துலக்கிகூட ஈறு கிழியலாம் என்று சொல்லும். சராசரி மனிதர் ஒரு நாளைக்கு இருநூறு முறை ஏற்றுக்கொண்டிருந்தார். தாலி கட்டும்போதுகூட ஒரு முறைதான் சம்மதம் கேட்பார்கள்; அதையும் பெரும்பாலும் பெரியவர்களிடம் கேட்பார்கள்.

மைனா வந்த கதை தனி. அடுக்ககச் சங்கத் தலைவி வசந்தாமணியின் மகன் செவ்வாய்க்குப் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அவன் குரலைக் கேட்க ஆசைப்பட்டு, வால்பாறைப் பண்ணையில் மரபணு திருத்தி வளர்க்கும் சாயல் மைனா ஒன்றை அந்த அம்மாள் வாங்கினார். முகத்துக்கு ஒரு குரல், முகத்துக்கு ஒரு வாக்கியம் என்று பிடித்துக்கொண்டு, யார் உச்சுக் கொட்டினாலும் எதிரே தெரியும் முகத்துக்கு உரியதைச் சொல்லும் ஜாதி அது. பவுனு என்று பெயர். மகன் திரையில் வந்தால் அவனுடைய "அப்பறம் பேசறேம்மா" என்ற வாக்கியத்தை மட்டும் அது கச்சிதமாகச் சொன்னது. ஒருநாள் கூண்டைத் தாவி நிலையத்தில் மாட்டிவிட்டு வசந்தாமணி பூ வாங்கப் போனார். திரும்பி வருவதற்குள் பவுனு நாலு பேர் குரலில் சம்மதம் கொடுத்திருந்தது. வரிசை ஒரு மணி நேரத்திலிருந்து பத்து நிமிடமாகக் குறைந்தது. அதன்பிறகு கூண்டை வீட்டுக்கு எடுத்துப்போக மாடிக்காரர்கள் விடவில்லை. முறை வைத்துக் கொய்யாப்பழம் வாங்கிக் கொடுத்தார்கள். விதிக்குப் புறம்பானதுதான். அதனால்தான் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்த மாடியில் பேசப்படாத ஒரே விஷயம் அது ஒன்றுதான் என்று அடித்துச் சொல்லலாம்.

ஒரே ஒருவர் மட்டும் பவுனுவைப் பயன்படுத்தியதில்லை. ஆறுச்சாமி, நூற்பாலையில் முப்பத்தைந்து வருடம் பொருத்துநராக இருந்து ஓய்வுபெற்றவர். பஞ்சாலை இயந்திரத்தில் கை வைக்கும் முன் மூன்று முறை விசையைப் பார்க்கிற பழக்கம் அவருக்கு ரத்தத்தில் ஊறிப்போனது. தாவியில் உட்காருவார், நான்கு நிமிடமும் கண்ணை மூடிக் கேட்பார், பிறகு நிதானமாக "அறிந்தேன், ஏற்றேன்" என்பார். பின்னால் நிற்பவர்களுக்கு அந்த நான்கு நிமிடம் நான்கு யுகம்.

"ஏனுங்க மாமா, நேத்துச் சொன்னதத்தானுங்க இன்னிக்குஞ் சொல்லுது" என்று வசந்தாமணி பலமுறை சொல்லிப் பார்த்தார்.

"நேத்து நாஞ் சாகல அம்மிணி. இன்னிக்கு என்னன்னு கேட்டாத்தான தெரியும்" என்பார் அவர்.

அந்த ஆவணி மாதக் காலையில் அவருக்குப் பின்னால் ஒன்பது பேர் நின்றார்கள். மூன்றாவதாக நின்றது அவருடைய மகள் சம்பூரணம். எச்சரிக்கை இரண்டாம் நிமிடத்தைக் கடந்தபோது தாவி தன் வழக்கமான குரலில், "எதிர்முனைப் பிடிகாந்தம் மூன்று கடந்த ஒரு மணி நேரத்தில் இருமுறை நழுவியது" என்றது. ஆறுச்சாமி கண்ணைத் திறந்தார். இறங்குவதற்காக ஒரு காலைத் தூக்கினார். வரிசை பொறுமையிழந்திருந்தது. அந்த நொடியில் கதவு மூடியது. தாவி கிளம்பியது. எதிர்முனையில் அதை வாங்கிக்கொள்ளக் கை நீளவில்லை.

அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்வதற்கில்லை. நாற்பத்தாறு மாடி உயரம்.

தாவிக்குள் கேமரா கிடையாது. அந்தரங்கச் சட்டம் இடம் கொடுக்காது. குரல் பதிவு மட்டும் உண்டு. அதில் இரண்டு நிமிடம் பத்தாவது நொடியில் ஆறுச்சாமியின் குரல் தெளிவாக "அறிந்தேன், ஏற்றேன்" என்றது. அந்த வாரமே தாவி நிலையங்கள் எல்லாவற்றிலும் கவனக்குறைவாளர் பலகையில் அவருடைய முகம் ஏறியது. கீழே, "இவர் அறிந்தே ஏறினார்" என்ற வரி. முதலில் ஒரு மாதம். விசாரணையில் பொறுப்பு அவருடையது என்று உறுதியானால் பத்து வருடம்.

கேஸ் அடுப்பை அணைத்தபின் மூன்று முறை தொட்டுப் பார்க்கிற மனிதர், ஊர் முழுக்கக் கவனக்குறைவுக்கு எடுத்துக்காட்டு. சம்பூரணம் அந்த முகத்தைத் தினமும் இரண்டு முறை கடந்து வேலைக்குப் போய்வந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு விசாரணை கேட்டு மனு கொடுத்தாள்.

"கம்பெனியோட ஒரியாட்டம் கட்டிச் சண்ட புடிச்சு என்ன கண்ணு ஆகப்போவுது" என்றார் வசந்தாமணி. அவருக்குப் பவுனுவைப் பற்றிய கவலை.

"எனக்கு ஒன்னும் வேண்டாங்க்கா. அந்தப் பலகைல இருந்து எங்கப்பா மூஞ்சி எறங்கோணும். அவ்வளவுதான்."

விசாரணை, அடுக்ககத்தின் கல்யாண மண்டபத்திலேயே நடந்தது. முந்தைய நாள் கல்யாணத்தின் வாழைமரம் இன்னும் வாடவில்லை. மணமேடையில் மாப்பிள்ளை உட்கார்ந்த இடத்தில் நடுவி வைக்கப்பட்டிருந்தது. நடுவி என்பது தீர்ப்பு இயந்திரம். மாவாட்டும் கிரைண்டர் அளவுதான் இருக்கும், எல்லாச் சட்டமும் அதற்குள் இருக்கும். அதற்கு ஒரே ஒரு கட்டுப்பாடு. மனிதர் மேல் பொறுப்பைச் சுமத்தும் உரிமை இயந்திரத்துக்கு இல்லை. பொறுப்பை மனிதர்தான் தம் வாயால் ஏற்க வேண்டும். மூன்று முறை கேட்டும் யாரும் ஏற்காவிட்டால் அது இறந்தவரைச் சேரும். இறந்தவர் எவரும் மறுத்ததாக இதுவரை பதிவில்லை.

மண்டபத்தில் சம்பூரணத்தைத் தவிர நாற்பத்து மூன்று பேர் கூடியிருந்தார்கள். மதியச் சாப்பாடு உண்டு என்று அறிவித்திருந்ததும் ஒரு காரணம்.

கம்பெனி வக்கீல் ஜெயசிம்மன் எழுந்தார். நல்ல உயரம், நல்ல குரல், கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவரைப் போன்ற தோரணை.

"அவர் முழுசா கேட்டாரா, புரிஞ்சுக்கிட்டாரா, இதெல்லாம் கேள்வியே இல்லீங்க. சொன்னாரா? சொன்னார். வாயிலேர்ந்து வந்த வார்த்தை வந்ததுதான். படிச்சுட்டுச் சொன்னேன், படிக்காமச் சொன்னேன்னு ஆளாளுக்குக் கிளம்பினா உலகத்துல ஒரு ஒப்பந்தமும் நிக்காது."

நடுவி அதைப் பதிவு செய்துகொண்டது. வரிசையில் நின்றவர்களைக் கேட்டது. எங்களுக்கு முதுகுதான் தெரிந்தது என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். அத்தனை பேருக்கும் அதே முதுகு.

சம்பூரணம் எழுந்தாள். "எச்சரிக்கை நாலு நிமிசம். எங்கப்பா குரல் வர்றது ரெண்டாவது நிமிசத்துல. அவரு முழுசாக் கேக்காம ஒன்ன ஏத்துக்கிட்ட ஆளே இல்லீங்க. எங்கம்மாவப் பொண்ணு பாக்கப் போனப்பவே மூணு மணி நேரம் கேள்வி கேட்டாராம். நடுவிங்க, அந்தக் குரலுக்கு முன்னாடி பதிவுல என்ன கேக்குது?"

"நாக்கைத் தட்டும் ஒலி. ஒன்பது முறை" என்றது நடுவி.

மண்டபத்தில் சிலர் வாழைமரத்தைப் பார்த்தார்கள். சம்பூரணம் வெளியே போய்ப் பவுனுவின் கூண்டோடு வந்தாள். வசந்தாமணி பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். கூண்டை மேடையில் வைத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த அப்பாவின் மாலை போட்ட படத்தை அதன் முன்னால் சாய்த்தாள். பிறகு நாக்கைத் தட்டினாள்.

"ச்சு."

பவுனு தலையைச் சாய்த்துப் படத்தைப் பார்த்தது. "அறிந்தேன், ஏற்றேன்" என்றார் ஆறுச்சாமி.

அதே நிதானம், அதே அடிக்குரல். சம்பூரணம் மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இப்படி வரும் என்று தெரிந்துதான் செய்தாள். தெரிந்திருப்பது அந்த நேரத்தில் உதவவில்லை.

முதலில் தேறியவர் ஜெயசிம்மன். "ஆகவே இறந்தவர் சொல்லல. சரி, ஒத்துக்கறோம். பறவை சொல்லியிருக்கு. பறவை யாரோடது?"

நாற்பது தலைகள் வசந்தாமணியின் பக்கம் திரும்பின.

"அதெப்படிங்க" என்றார் அவர். "என்ற மகன் குரலக் கேக்கறதுக்கு வாங்குன பறவைங்க. கூண்ட அங்க மாட்டியே ஆவோணும்னு சொன்னது மாடிச் சனம் பூராவும். கொய்யாப்பழத்தத் தின்ன வெச்சதும் அவிங்கதான். இப்ப ஆளாளுக்குத் திலும்பிப் பாக்கறாங்க பாரு, ச்சு."

அந்தச் "ச்சு" வெறும் சலிப்பு. ஆனால் பவுனுவுக்குச் சலிப்புக்கும் கட்டளைக்கும் வித்தியாசம் தெரியாது. கூண்டுக்கு நேர் எதிரே சாட்சி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் லோகநாதன், காந்தங்களைச் சோதிக்கும் கம்பெனித் தொழில்நுட்பர். பவுனு அவர் முகத்தை உற்றுப் பார்த்தது. அவர் குரலிலேயே, "பிடிகாந்தம் மூணு, பாத்தாச்சு, சரியா இருக்கு" என்றது. சேர்த்து ஒரு டீ உறிஞ்சும் ஓசையையும் எழுப்பியது.

லோகநாதன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாதத்துக்கு ஒருமுறை பவுனுவின் கூண்டருகே நின்று வசந்தாமணி வீட்டு முறுக்கும் டீயும் சாப்பிட்டுக்கொண்டே, காந்திபுரத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல், அவர் சோதனை முடித்த விதம் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. சில மாதம் டீ குடிக்கக்கூட வராமல் பவுனுவுக்குத் தொலைபேசியில் முகத்தைக் காட்டி அதன் வாயாலேயே அறிக்கை கொடுத்திருக்கிறார் என்பதும் பிறகு தெரிந்தது.

"நான் என்னங்க பண்றது" என்றார். "ஒரு நாளைக்கு நூத்தி எம்பது காந்தம் பாக்கச் சொல்லிருக்காங்க. ஒரு காந்தத்துக்கு அர மணி நேரம் ஆவுமுங்க. நீங்களே பெருக்கிப் பாருங்க."

நடுவி பெருக்கிப் பார்த்தது. "ஒரு நாளைக்குத் தொண்ணூறு மணி நேரம்" என்று அறிவித்தது. பிறகு முறைப்படி கேட்டது. "ஆறுச்சாமியின் இறப்புக்கான பொறுப்பை யார் ஏற்கிறீர்கள்?"

ஜெயசிம்மன், அது லோகநாதன் என்ற தனிமனிதரின் ஒழுக்கக் குறைவு என்றார். லோகநாதன், அது கம்பெனியின் வேலைப்பளு என்றார். வசந்தாமணி, பறவை என்றால் பேசத்தான் செய்யும் என்றார். வரிசையில் நின்ற ஒரு பேராசிரியர், "உச்சுக் கொட்டறதெல்லாம் ஒரு குத்தமுங்களா? நம்மூர்ல அது மூச்சு விடற மாதிரிங்க" என்றார். கைதட்டல்கூட விழுந்தது. நடுவி இரண்டாம் முறை கேட்டது. மண்டபத்தின் சமையலறைப் பக்கமிருந்து அரிசிம்பருப்பு சாதத்தின் மணம் வந்துகொண்டிருந்தது. எல்லோரும் மறுபடி அதையே, இன்னும் வேகமாகச் சொன்னார்கள்.

சம்பூரணம் கேள்விகளை எண்ணிக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு முறை. அதோடு பத்து வருடம் அந்த முகம் பலகையில் நிற்கும்.

மூன்றாம் கேள்விக்கு நடுவி சிறிது நேரம் எடுத்துக்கொண்டது. இயந்திரங்கள் யோசிப்பதற்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. மனிதர்களின் பசியை அளந்துகொண்டிருந்தது என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு, "மூன்றாம் கேள்வி, விசாரணையின் நிறைவுக் குறிப்போடு சேர்த்து உங்கள் காதிலுள்ள செவிச்சில்லுக்கு அனுப்பப்படுகிறது. குறிப்பு அறுபத்தொரு பத்திகள். கேட்டு முடிக்க ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகும். பதில் சொன்னவர்களுக்குக் கதவு திறக்கும். பந்தி தயாராக உள்ளது" என்றது.

ஜெயசிம்மன்தான் முதலில் சொன்னார் என்று ஒரு கட்சி; இல்லை, லோகநாதன்தான் என்று ஒரு கட்சி. எப்படியும் நான்கு நொடிக்குள் நாற்பத்து மூன்று பேரும் சொல்லிவிட்டார்கள். "அறிந்தேன், ஏற்றேன்." "அறிந்தேன், ஏற்றேன்." மண்டபத்தில் ஏதோ வழிபாடு நடப்பதைப் போலிருந்தது. வக்கீல் சொன்னார், தலைவி சொன்னார், பேராசிரியர் சொன்னார். இந்த வழக்குக்குச் சம்பந்தமே இல்லாமல் சாப்பிட வந்திருந்த பன்னிரண்டாம் மாடி மாப்பிள்ளையும் சொன்னார். கதவு திறந்தது. இலை போடும் ஓசை கேட்டது.

சம்பூரணம் மட்டும் உட்கார்ந்திருந்தாள். முதல் வேலையாகத் தன் சால்வையை எடுத்துக் கூண்டை மூடினாள். பிறகு அப்பாவைப் போலவே கண்ணை மூடிக் கேட்க ஆரம்பித்தாள்.

முதல் பத்தியின் கடைசி வரியில், "ஏற்கவில்லை என்று சொன்னாலும் கதவு திறக்கும்" என்று இருந்தது. வெளியே ரசம் ஊற்றும்போது அவள் இருபதாம் பத்தியில் இருந்தாள். மோருக்கு வந்தபோது நாற்பத்தொன்றாம் பத்தி வந்தது. "இக்குறிப்பை ஏற்பவர்கள், ஆறுச்சாமியின் இறப்புக்கான பொறுப்பைச் சம பங்காக ஏற்கிறார்கள். கவனக்குறைவாளர் பலகையில் அவருடைய முகத்துக்குப் பதிலாகத் தங்கள் முகங்கள் பத்து ஆண்டு இடம்பெறச் சம்மதிக்கிறார்கள்."

அவள் கண்ணைத் திறந்தாள். இருந்தாலும் நிறுத்தவில்லை. மிச்சமிருந்த இருபது பத்தியையும் கேட்டு முடித்தாள். வெளியே கை கழுவி, வெற்றிலை போட்டு, பேச்சு தொடங்கியிருந்தது.

"குறிப்பு முடிந்தது. நீங்கள் மறுக்கலாம். உங்கள் தந்தையின் பெயர் நீங்கிவிட்டது" என்றது நடுவி.

"ஒம்போது உச்சுன்னு எண்ணுனீங்களே" என்றாள் சம்பூரணம். "மொத உச்சு யாருதுன்னு தெரியுங்களா?"

"தெரியும். யாரும் கேட்கவில்லை."

"அன்னிக்கு எனக்கு ஏழே காலுக்கு ஒரு மீட்டிங்கு." மாலை போட்ட படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அதுகூடக் கடைசில தள்ளிப் போட்டுட்டாங்க."

பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தும் தனியாக விழும்படி, "அறிந்தேன், ஏற்றேன்" என்றாள்.

மறுநாள் காலை தாவி நிலையங்களில் ஆறுச்சாமியின் முகம் இல்லை. அந்த இடத்தில் நாற்பத்து நான்கு முகங்கள் மாறி மாறி வந்தன. அடையாள அட்டைக்காக எடுத்த படங்கள்தான் என்றாலும் ஜெயசிம்மன் மட்டும் நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே, "இவர்கள் அறிந்தே ஏற்றார்கள்." சம்பூரணத்தின் முகம் கடைசியில் வந்தது. அந்த வரி அவள் ஒருத்திக்குத்தான் பொருந்தியது.

ஊர் கொதித்தது. பன்னிரண்டாம் மாடி மாப்பிள்ளையின் மாமியார் நேரில் போய் நடுவியைத் திட்டிவிட்டு வந்தார். ஜெயசிம்மன் கோட்டு மாட்டிக்கொண்டு போய், கேட்காமல் சொன்ன சொல் செல்லாது என்று ஒரு மணி நேரம் வாதாடினார். நடுவி அவருக்குப் பதிவை மட்டும் போட்டுக் காட்டியது. கணீரென்ற அந்த நல்ல குரல், "வாயிலேர்ந்து வந்த வார்த்தை வந்ததுதான்" என்றது. அவரே கேட்டு ஒரு கணம் தலையாட்டிவிட்டாராம்.

மேல்முறையீடு செய்யலாம் என்று வழி இருந்தது. விண்ணப்பம் தொண்ணூறு பத்தி.

அடுத்த திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, சம்பூரணம் தாவிக்குள் உட்கார்ந்து எச்சரிக்கையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பவுனு சாட்சியமாக நடுவியின் காவலுக்குப் போய்விட்டதால் மேலே கொக்கி மட்டும் தொங்கியது. பின்னால் பதினொரு பேர். வசந்தாமணி வரிசையை விட்டு முன்னால் வந்து குனிந்தார்.

"சம்பூரணம், கண்ணு. மேல்முறையீடு வந்துருக்குதல்ல. உனக்குத்தான் இதெல்லாம் பொறுமையாக் கேக்க வரும். நீ ஒருக்காக் கேட்டுப்போட்டு, எங்க எல்லாத்துக்குஞ் சேத்து 'ஏற்றேன்'னு சொல்லிரு சாமி. உன்ற மேல எங்களுக்கு அவ்வளவு நம்பிக்க."

வரிசை ஆமோதித்துத் தலையாட்டியது. பேராசிரியர், கொய்யாப்பழம் வேண்டுமானாலும் வாங்கித் தருவதாகச் சொன்னார்.

சம்பூரணம் கையை உயர்த்தி, "இருங்க்கா, இதக் கேட்டுக்கறேன்" என்றாள். தாவி இரண்டாம் நிமிடத்துக்கு வந்திருந்தது. பிடிகாந்தங்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கியது.

வரிசையில் யாரோ "ச்சு" என்றார்கள்.